நடைங்கற கட்டத்துல ஒரு கோடு

இல்லீங்க, எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லீங்க. பிரஷர் எல்லாம் பாக்க வேண்டாம், அந்தப் பட்டையை அக்கட்டால வையுங்க. நான் வாசுகியோட மாமியா, மருதாம்பா. இந்தச் செவ்வாக்கெழமை வந்துட்டுப் போனாளே, செவப்பு சொட்டர் போட்டுக்கிட்டு, கேட்டதுக்கெல்லாம் மண்டையை மட்டும் ஆட்டிக்கிட்டு, அவதான். ஆமாங்க, வர்க்கி பேக்கரி ஊடு. புள்ளை பெத்தவளுக்கு ரத்தத்துல கொழுப்பு கூடிப்போச்சுன்னு நீங்க மொத ஒரு அட்டை எழுதிக் குடுத்தீங்கல்ல, இது செவ்வாக்கெழமை குடுத்த ரெண்டாவது அட்டை. இதை மாத்தி எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் காத்தால இருந்து வெளிய பெஞ்சுல குந்தியிருக்கறேன்.

எல்லாம் சரியாப் போச்சுன்னு எனக்கும் தெரியுமுங்க. நானும் மூணாங் கெளாஸ் படிச்சவதான், நெம்பரு பாக்கத் தெரியும். எரநூத்தி எழுவத்தெட்டு இருந்தது நூத்தி எம்பத்தி ரெண்டு ஆயிருச்சு. சந்தோசம். என்ர கொறை அது இல்லீங்க. இந்தா பாருங்க, இந்தக் கட்டம். நடைன்னு அச்சடிச்சிருக்குதுல்ல. மொத அட்டையில காத்தால முக்கா மணி நேரம், பொழுதோட முக்கா மணி நேரம்னு எழுதியிருந்தீங்க. இந்த அட்டையில என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? ஒரு கோடு. உங்களுக்குக் கை வலிச்சுதோ, சாப்பாட்டு நேரம் ஆயிப்போச்சோ, எனக்குத் தெரியாது. நீங்க இழுத்த கோட்டுல எங்கூட்டுல நடையே நின்னு போச்சு.

எப்பவும் போல நடக்கலாம்னுதான் கோடு போட்டீங்களா? அது உங்க படிப்புல இருக்கும். எங்கூட்டுக்காரருக்குக் கோடுன்னா இல்லேன்னு அர்த்தம். பேக்கரியில பன் தீந்துபோச்சுன்னா போர்டுல பன்னுக்கு நேரா அவரு கோடுதான் போடுவாரு. அட்டையை வாங்கிப் பாத்தாரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டாந்தரம் பாத்தாரு. நடை முடிஞ்சுதுன்னு சொல்லிப்போட்டு அவ செருப்பை எடுத்துக் கட்டலுக்கு அடியில தள்ளி வெச்சுட்டாரு. இன்னைக்கோட நாலு நாளாச்சுங்க.

நானும் சொல்லிப் பாத்தேன். நடக்கறது நல்லதுதானுங்களேன்னேன். அதுல போட்டிருக்குதான்னு கேட்டாரு. அவ்வளவுதான் அவரு பேச்சு. பொன்னுத்துரைன்னா குன்னூர் மார்க்கெட்டுல கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. வாயில சொன்னா பொண்டாட்டி சொன்னாலும் நம்ப மாட்டாரு, சாமி எறங்கி வந்து சொன்னாலும் நம்ப மாட்டாரு. அச்சடிச்ச காகிதம் வேணும், கீழ சீல் வேணும். அது இருந்துச்சுன்னா தலைகீழா நில்லுன்னு போட்டிருந்தாக்கூட நின்னுக்குவாரு. உங்க மொத அட்டையை மைதாப் பசை காச்சி பேக்கரி லைசென்ஸுக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சாருங்க. அதுல என்ன எழுதியிருந்தீங்க? வர்க்கி கூடாது, பஃப்ஸ் கூடாது, டால்டாவே கண்ணுல காட்டக் கூடாது. அதுக்கு அடியில தட்டுத் தட்டா வர்க்கி. வாங்க வர்றவனெல்லாம் அதைப் படிச்சுப்போட்டு, ஏனுங்க அண்ணா, இது உங்க சரக்குக்கு நீங்களே ஒட்டுன நோட்டீஸான்னு கேக்கறான். மனுசனுக்கு ஒறைக்கவே இல்லை. டாக்டர் எழுதுனதுன்னு பெருமை வேற.

நீங்க டாக்டர் இல்லேன்னு எனக்குத் தெரியுமுங்க. வெளிய போர்டு பாத்தேன். சாப்பாட்டுக்குன்னு ஒரு படிப்பு, அதுக்குன்னு ஒரு ரூமு, மேல ஒரு ஃபேனு. குன்னூர்ல யாருங்க ஃபேனு போட்டுக்கறாங்க? கோயமுத்தூர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து எங்களுக்கு எப்படிச் சோறு உண்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறீங்க. கண்ணாலம் ஆயிருச்சுங்களா உங்களுக்கு? இல்லீங்களா. அதான பாத்தேன். கோவிச்சுக்காதீங்க அம்மிணி, நான் பேசறதே இப்படித்தான். எங்க ஊட்டுலயும் என்னை யாருக்கும் புடிக்காது.

புள்ளை பெத்தவளுக்குப் பசின்னா என்னன்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா? ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ளை பால் குடிச்சு முடிச்சதும் அடிவயித்துல இருந்து ஒண்ணு கெளம்பும் பாருங்க, செவுத்தைப் பேத்துத் திங்கலாம் போல இருக்கும். அவளுக்குப் போயி ஓட்ஸ். எங்கூட்டுக்காரரு வெல்லிங்டன்ல மிலிட்டரிக்காரங்க வாங்கற கடையில போயி டப்பாவுல வாங்கிட்டு வந்தாரு. நான்தான் காச்சுனேன். சினிமா போஸ்டர் ஒட்டறவன் வாளியில வெச்சிருப்பான் பாருங்க, அதேதான், அதுல உப்பு இருக்காது, இதுல உப்பு இருக்குது. அவ ரெண்டு கரண்டி தின்னுப்போட்டு என் மூஞ்சியப் பாத்தா. நானும் ஒரு வாய் வெச்சுப் பாத்தனுங்க. மிச்சத்தை நாய்க்கு ஊத்துனேன். அது மோந்து பாத்துப்போட்டு நவுந்து போயிருச்சு.

நடைக்கு வாரேன். நீங்க அந்தப் புள்ளைக்குப் போயி நடக்கச் சொல்லிக் குடுத்தீங்க பாருங்க, அதை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு. அவ யாருன்னு கேட்டீங்களா? எங்க கேட்டிருக்கப் போறீங்க. எஸ்டேட்டுப் புள்ளைங்க அவ. பதினாறு வயசுல இருந்து கொழுந்து எடுத்தவ. முதுகுல சாக்கு, இடுப்புல தார்ப்பா, முழங்கால் வரைக்கும் அட்டைப்பூச்சிக் கடி, மேட்டுல ஏறுனா வெயில் சாயறப்பத்தான் எறங்குவா. அவளுக்கு, கையை வீசி நடக்கணும், மூச்சை இழுத்து வுடணும்னு படம் போட்ட காகிதம். உங்களை ஒரு நாள் அந்த மேட்டுல ஏத்தி வுட்டா ஸ்ட்ரெச்சர்லதான் எறக்கணும்.

அவ எங்க சாதி சனம் இல்லீங்க. அவங்க அப்பன் ஆயி எல்லாம் சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. என்ர பையன் தினேஷ்குமாரு எஸ்டேட்டுக்கு ரொட்டி போடப் போனவன், கூலிக்காரங்க லைன் ஊட்டுல ஒரு பொண்ணைப் பாத்துப்போட்டு வந்து நின்னான். கட்டுனா அவதான்னான். நானும் ஒப்புக்கலை, அதை மறைக்க மாட்டேன். லைன் ஊட்டுப் புள்ளை நமக்கு எதுக்குடான்னு கேட்டவ நான்தான். அப்பறம் என்ன, பேக்கரிக்கு வாரிசு அவன் ஒருத்தன், வாயை மூடிக்கிட்டு கோயில்ல தாலி கட்ட வெச்சோம். அன்னைக்குப் பொழுதோட அவங்கண்ணன், பாலுன்னு பேரு, சாராயத்தைக் குடிச்சுப்போட்டு வந்தான். எங்க தங்கச்சிக்கு இவங்க என்ன மதிப்புக் குடுத்தாங்க, எங்களை ஒரு வாய் சோத்துக்குக் கூப்பிட்டாங்களான்னு கேட்டுக் கேட்டு பேக்கரி கண்ணாடிப் பெட்டியை ஒடைச்சுப்போட்டான். அவன் கேட்டதுல நாயம் இருந்துச்சு, அது வேற. எங்கூட்டுக்காரரு ரோட்டுல நின்னு நாலு பேரு மொகத்துக்கு நேரா சொன்னாரு, இந்தப் புள்ளை அந்த லைன் படியை இனி மிதிச்சான்னா என்ர வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கத் தெரியாத மனுசன். ரெண்டு வருசமாச்சு. அவளும் போகலை. மொதப் பிரசவத்துக்கு ஆயி ஊட்டுக்குப் போறது எல்லாருக்கும் உள்ளதுதான, அதுக்குக்கூட அனுப்பலை. எங்கூட்டுலதான் பெத்தா.

அனுப்பியிருந்தாலும் அங்க என்ன இருக்குதுங்க? எஸ்டேட்டை மூடி ஒண்ணேகால் வருசம் ஆகுது. தேயிலை வெலை விழுந்துபோச்சுன்னு கொழுந்தை ரோட்டுல கொட்டுனாங்களே, அப்ப மூடுனது. ஃபேக்டரி செட்டுல குரங்குக குடியிருக்குது. மொதலாளி எங்கயோ மெட்ராஸ்ல இருக்கறானாமா. கணக்கப்புள்ளை, நர்சம்மா, டிரைவர் எல்லாம் அவனவன் பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். போக்கிடம் இல்லாததுக மட்டும் லைன்ல கெடக்குதுக. மரவள்ளிக் கெழங்கு, காட்டுக் கீரை, வெறகு வித்தா அரிசி. அதுக வாங்காததுனால எங்க பேக்கரியும் படுத்துருச்சு. ரெண்டு அடுப்பு எரிஞ்ச எடத்துல ஒரு அடுப்பு எரியுது. என்ர பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயி அஞ்சு மாசம் ஆகுது. புள்ளை மொகத்தைச் சரியாப் பாக்கக்கூட இல்லை.

ஆகங்காட்டி அவளுக்குப் பிரசவம் பாத்தது, பத்தியம் போட்டது எல்லாம் நான்தான். புடிக்குதோ புடிக்கலையோ, பெத்துப்போட்டவளை பட்டினி போட மனசு வருதுங்களா? பூண்டை நெய்யில வதக்கிக் குடுத்தேன். பால்சுறாக் கருவாடு, நாட்டுக்கோழிச் சாறு, நல்லெண்ணெயில முட்டை, அப்பறம் இடிச்ச மருந்து. வேண்டாம்னு சொல்லாம எல்லாத்தையும் தின்னா. அது போக வர்க்கி வேற, பசிச்சப்பெல்லாம். மூணாம் மாசம் கெறக்கமா வருதுன்னு ஒரு நாள் அடுப்படியில சாஞ்சுட்டா. இங்க கூட்டியாந்தோம். ரத்தத்தை எடுத்துப் பாத்துப்போட்டு எரநூத்தி எழுவத்தெட்டுன்னாங்க. புள்ளை உண்டானா கொஞ்சம் கூடும், பெத்ததுக்கப்பறமும் எறங்கலைன்னா பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லி உங்ககிட்ட அனுப்புனாங்க. எங்கூட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. என்னமோ நான் மருமகளுக்கு மருந்து வெச்ச மாதிரி.

மொத ஒரு வாரம் அவ நடக்க மாட்டேன்னா. ரோட்டுல சும்மா நடந்தா பாக்கறவங்க சிரிப்பாங்கன்னா. வாஸ்தவம்தான. காலையில சும்மா நடக்கறதுக்கு இங்க துரைமாருகளும் மிலிட்டரிக்காரங்களும் இருக்கறாங்க. வேலைக்குப் போறவன் வேலைக்குத்தான் நடப்பான். ஆனா எங்கூட்டுக்காரரு வுடலை. அட்டையில இருக்குது, நடன்னாரு. போனா. அரை மனசா பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வருவா.

அப்பறம் ஒரு நாள், என்னன்னு தெரியலை, கோழி கூவறதுக்கு முன்னாடி எந்திரிச்சுட்டா. பேரனுக்குப் பால் குடுத்து என் பக்கத்துல போட்டுட்டு, சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, வாசல்கூடக் கூட்டாம வெளக்குமாத்தைத் தாண்டி ஓடறா. பொழுதோடவும் அப்படித்தான். மழை ஊத்துனாலும் போறா. பனி கொட்டுனாலும் போறா. ஆடி மாசம் நாலு நாள் விடாம அடிச்சுதே மழை, அப்பக்கூட தலையில சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டுப் போனா. எங்கூட்டுக்காரருக்கு ஒரே பெருமை. பாத்தியா, நம்மூட்டுப் புள்ளை எழுதுனதை எழுதுனபடி செய்யுதுன்னாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க, கொழுப்புக் கொறையணும்னு எவளும் மழையில ஓட மாட்டா.

நான் என்ன நெனச்சேன்னு கேக்கறீங்களா? கெட்டதுதான் நெனச்சேன். புருசன் திருப்பூர்ல, இவ மழையில ஓடறா. எனக்கு நல்ல புத்தி எங்க இருக்குது? ஒரு நாள் பேரனைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் பின்னாலயே போனனுங்க. எங்கூட்டுக்கு மேல ஒரு மைலு இருக்கும், நல்ல மேடு. கவாத்து பண்ண ஆளில்லாம தேயிலைச் செடியெல்லாம் மரமாட்டம் வளந்து நிக்குது, உள்ள காட்டெருமை நின்னாத் தெரியாது. அவ அதுக்குள்ள பூந்து நேரா லைனுக்குப் போனா. அவங்காயி ஊடு. நான் அந்த ஊட்டுத் தகரத் தடுப்புக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். பாத்துப்போட்டுத் திரும்பி வந்துட்டேன்.

யார்கிட்டயும் சொல்லலை. அவகிட்டயும் கேக்கலை. அடுத்த நாள்ல இருந்து உங்க ஓட்ஸை எங்கூட்டுக்காரரு கண்ணு முன்னாடி கிண்ணத்துல போட்டு வெப்பேன், அவரு அடுப்புக்குப் போனதும் எடுத்து நாய்க்கு ஊத்திப்போட்டு, அவளுக்கு நெய்யும் பூண்டும் போட்டுச் சுடுசோறு வெப்பேன். பேக்கரிக்கு வர்ற முட்டையில தெனம் எடுத்து வேக வெச்சுத் தருவேன். ராகிக் களி, முருங்கைக் கீரை, கொள்ளு. நல்லாக் கேட்டுக்கங்க, மூணு மாசம். உங்க அட்டையில எதெல்லாம் ஆகாதுன்னு கோடு கிழிச்சிருந்தீங்களோ அதைத்தான் தின்னா. வர்க்கி மட்டும் குடுக்கலை. அது எனக்கே புடிக்காது, டால்டா மேலண்ணத்துல ஒட்டும். தின்னுப்போட்டும் நெம்பரு எறங்கிப் போச்சா இல்லையா? ஆளும் எளைச்சாளா இல்லையா? செவ்வாக்கெழமை அவகிட்ட என்னமோ சொன்னீங்களாமா, உன்னைப் பத்தி கோயமுத்தூர்ல மீட்டிங்குல சொல்லப் போறேன், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் என்ன பண்ணும்னு நீதான் சாட்சின்னு. வந்து எங்கிட்டச் சொன்னா. நான் அடுப்படியில நின்னு சிரிச்சேன். போயிச் சொல்லுங்க. கூடவே நாய்க்கு ஊத்துன கதையையும் சொல்லுங்க.

ஆமாங்க, நடந்தது நெசம். அது உங்களாலதான், இல்லேங்கலை. அதனாலதான் வந்திருக்கறேன். இந்தக் கட்டத்துல எழுதுங்க. காத்தால ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். மேட்டுல ஏறி நடக்கணும்னு எழுதுங்க. மேடுங்கறது முக்கியம், இல்லேன்னா பேக்கரிக்கு முன்னாடியே அங்கயும் இங்கயும் நடன்னு சொல்லிப்போடுவாரு. கீழ சீல் போடுங்க. நெம்பரையும் கொஞ்சம் ஏத்திப் போட்டீங்கன்னா நல்லாருக்கும். எரநூத்தி எம்பதுன்னு.

முடியாதுங்களா? நெம்பர் வேண்டாம், வுடுங்க. லேப் காகிதத்துல வேற இருக்குதுல்ல. நடையை எழுதுங்க, போதும்.

எதுக்கு மேடா? சமதரையில அரை மணி நேரம் போதுமா? மொட்டை மாடியிலயே நடக்கலாமா? எங்கூட்டுக்குத் தகரம் போட்டிருக்குதுங்க அம்மிணி, அதுல பூனைதான் நடக்கும். ஏனுங்க, நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க. செவ்வாக்கெழமை வரைக்கும் நல்லதா இருந்தது ஒரு கோடு போட்டதும் கெட்டதாப் போச்சா? பேனா உங்க கையிலதான இருக்குது, மை என்ன உங்க அப்பன் ஊட்டுச் சொத்தா.

சரி சரி, மொகத்தைத் திருப்பாதீங்க. தப்பாப் பேசிப்போட்டேன். எனக்குக் கெஞ்சத் தெரியாதுங்க. கெஞ்சப் போனா சண்டையாத்தான் வருது.

ஆயியைப் பாக்கப் போறதுக்கு ஆஸ்பத்திரி காகிதம் எதுக்குன்னு கேக்கறீங்க. நாயம்தான். மாமனார்கிட்ட நேராப் பேசட்டும்னு சொல்றீங்க. நீங்க படிச்சவங்க, உங்க ஊட்டுல பேசிக்குவீங்க. நான் அந்த மனுசனோட முப்பத்தி ரெண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன், ஒரு தடவை எதுத்துப் பேசி செயிச்சதில்லை. கெட்டவரு இல்லீங்க. கையை ஓங்க மாட்டாரு. ஆனா ரோட்டுல நின்னு சொன்ன வார்த்தையை வுட்டா செத்துப் போயிருவாரு, அப்படி ஒரு வெட்டிக் கெளரவம். டாக்டர் சொன்னாங்கன்னு போனா மட்டும் அவரு வார்த்தையும் கெடாது, அவ காலும் நிக்காது. எங்க நடக்கறான்னு அவரு இதுவரைக்கும் ஒரு தடவை கேட்டதில்லை. எனக்கு என்னமோ கேக்கக் கூடாதுன்னுதான் கேக்காம இருந்தாரோன்னு கூடச் சந்தேகம். அவருக்கும் ஒரு காகிதம் வேணும், அவ்வளவுதான்.

ஆயியைப் பாக்கறதுக்கு இல்லீங்க. ஆயிக்கு என்ன, கெழவி கல்லுக்குண்டு மாதிரி இருக்கறா.

அவங்கண்ணன் பாலுவோட பொண்டாட்டி, சுஜாதான்னு ஒரு புள்ளை. இவ பெத்து மூணு மாசம் கழிச்சு அவ பெத்தா, அந்த லைன்லயே. பொம்பளைப் புள்ளை. பெத்த அன்னைக்கே ரத்தம் நிக்கலை. எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில பூட்டுத் தொங்குது. கம்பளியில போட்டு நாலு பேரு ரோட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்திருக்கறாங்க, பஸ் வர்றதுக்குள்ள போயிட்டா. இருபத்தி ரெண்டு வயசு. சேதி பேக்கரிக்கும் வந்துச்சு. எங்கூட்டுக்காரரு பாவந்தான்னு சொல்லிப்போட்டு அடுப்புல வெறகைத் தள்ளுனாரு. நானும் பாவந்தான்னேன். அந்தப் புள்ளை என்ன குடிக்குதுன்னு நாங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்லை.

அதுக்கு அடுத்த நாள்தானுங்க இவ கோழி கூவறதுக்கு முன்னாடி எந்திரிச்சது.

நான் தகரத்தோரமா நின்னு பாத்தன்னு சொன்னேன்ல. உள்ள இவ குந்தி மடியில அதைப் போட்டுப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு அது அப்ப. என் முதுகுல இவ பெத்தது தூங்கிக்கிட்டு இருக்குது. ரெண்டு வேளை, அந்த மேட்டுல ஏறி எறங்கி, ரெண்டு புள்ளைக்குப் பால். அந்தக் கொழுப்பு எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா? உங்க மீட்டிங்குல இதைச் சொல்லுங்க.

மத்த நேரத்துக்கு ஆயிக்காரி ஆட்டுப் பாலையும் கஞ்சித் தண்ணியையும் துணியில நனைச்சு வாயில வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தா. இவ பால் ரெண்டு வேளை உள்ள போனங்காட்டி அதுவும் செரிச்சுது. செவ்வாக்கெழமை ராத்திரியில இருந்து இவ போகலை. பால் பவுடர் டப்பா ஒண்ணு வாங்கி நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன், ஊட்டுல ஈஸ்ட் வாங்கப் போறன்னு சொல்லிப்போட்டு. ஒத்துக்கலை. வாந்தியும் பேதியுமா போகுது. இங்க இவளுக்கு மாரு கட்டிக்கிட்டு, பீச்சிப் பீச்சி ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில ஊத்தறா. வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எனக்குத் தெரியும்னே அவளுக்குத் தெரியாது.

நேத்து மத்தியானம் மறுபடி போனேன். அது அழுகக்கூட இல்லை, வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுச்சு. ஆயிக்காரி தண்ணி எடுக்கப் போயிருந்தா, பக்கத்துல யாருமில்லை. எனக்கு அம்பத்தி நாலு வயசாச்சுங்க அம்மிணி. என்ன நெனச்சன்னு கேக்காதீங்க. ரவிக்கையை அவுத்து அதை என் மாருல வெச்சுக்கிட்டேன். கெட்டியாத்தான் புடிச்சுது. சித்த நேரம் சப்பிப் பாத்துச்சு. அப்பறம் வுட்டுப்போட்டு என் மொகத்தைப் பாத்துச்சுங்க.